இன்டர்னல் 25ஐத் திறந்து காட்டுங்கள்: சேலம் வட்டாரக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: சேலம் மாவட்டக் கலை, அறிவியல் கல்லூரிகளின் முதல்வர்கள், துறைத்தலைவர்கள், பாடக்குழு உறுப்பினர்கள்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

அட்மிஷன், டைம்டேபிள், கெஸ்ட் லெக்சரர் நியமனம் என்று மூச்சுவிட நேரமில்லாத சமயத்தில் இந்த மடல் வருகிறது. இருந்தாலும், செமஸ்டர் தொடங்கிய பிறகு கேட்டால் பலனில்லாத கோரிக்கை இது. இன்டர்னல் 25, அதாவது ஒரு பாடத்தின் 100 மதிப்பெண்ணில் கல்லூரியே போடும் 25 பற்றியது. ஒவ்வொரு பாடத்திலும் என்ன நடத்தப் போகிறோம், எதற்காக நடத்துகிறோம், எந்த வேலைக்கு எத்தனை மதிப்பெண், அதை எப்படிக் கணக்கிடுவோம் என்பதை முதல் வாரத்திலேயே ஒரே தாளில் அச்சிட்டு மாணவர் கையில் கொடுக்க வேண்டும். திருத்திய டெஸ்ட் பேப்பர் விடைக்குறிப்போடு அவரிடம் திரும்பிப் போக வேண்டும். கேட்பது இவ்வளவுதான்.

"இதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது, ஃபைலில். கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் குழு வரும்போது மேசைமேல் அடுக்கும் ஃபைல்களில் கோர்ஸ் அவுட்கம், அதாவது அந்தப் பாடம் முடிந்தபின் மாணவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியல், இருக்கிறது. அதை முழுப் பட்டப்படிப்பின் நோக்கங்களான புரோகிராம் அவுட்கமோடு எவ்வளவு பொருந்துகிறது என்று 3, 2, 1 போட்ட அட்டவணை இருக்கிறது. கேள்வி எந்த அளவு சிந்தனையைக் கேட்கிறது என்று காட்டும் கே1 முதல் கே6 வரை குறியீடும் இருக்கிறது. இணைப்புக் கல்லூரிகளுக்கான நாக் கையேட்டில் 2.5.1 என்ற அளவுகோலே இதற்காகத்தான். உள்மதிப்பீடும் வெளிமதிப்பீடும் வெளிப்படையாக நடக்கின்றனவா, குறைகளைக் குறித்த காலத்துக்குள் தீர்க்கிறீர்களா என்று அது கேட்கிறது. நாமும் பக்கம் பக்கமாக எழுதி அப்லோட் செய்துவிடுகிறோம். பெங்களூரிலிருக்கும் நாக் அலுவலகத்துக்குத் தெரிகிற அந்த விவரம், மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மாணவிக்குத் தெரியாது.

தெரியாததால் யாருக்கு நஷ்டம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அப்பாவோ அக்காவோ கல்லூரியில் படித்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் தாள் அவ்வளவாகத் தேவைப்படாது. "இன்டர்னலில் அட்டென்டன்ஸுக்கு மார்க் உண்டு, லீவு போடாதே", "செமினாரை முதல் ஆளாக முடித்துவிடு", "பத்து மார்க் கேள்விக்குத் தலைப்புப் போட்டு எழுது" என்று வீட்டிலேயே சொல்லி அனுப்பிவிடுவார்கள். 1997இல் கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகம் வந்ததும், சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என நான்கு மாவட்டங்களிலும் கல்லூரிகள் பெருகியதும், 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதும் சேர்ந்து, குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறுகிறவர்களை நம் வகுப்புகளுக்குக் கொண்டு வந்திருக்கின்றன. அவர்களுக்கு வீட்டில் கேட்க ஆளில்லை. சீனியரிடம் கேட்டால் பாதி வதந்தியாகத்தான் வரும். எழுதாத விதி எப்போதும் விதி தெரிந்தவனுக்கே சாதகம்.

மலையிலிருந்து வருகிறவர்களின் நிலைமை இன்னும் கொஞ்சம் மோசம். ஏற்காட்டிலிருந்தும் அதற்கு அப்பால் இருக்கும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்தும் வருகிறவர்கள், முதலில் ஊரிலிருந்து ஏற்காடு வந்து, பிறகு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலத்தில் மறுபடி டவுன் பஸ் பிடித்து வகுப்புக்கு வர வேண்டும். காலை பஸ் ஒன்றைத் தவறவிட்டால் முதல் மணிநேரம் போயிற்று. முதல் மணிக்கு வராவிட்டால் அது ஒரு மணிநேர ஆப்சென்டா, அரை நாள் ஆப்சென்டா? இது எந்தக் கல்லூரியிலும் பலகையில் தெளிவாக எழுதி நாங்கள் பார்த்ததில்லை. ஆசிரியருக்கு ஆசிரியர் மாறுகிறது. "நாளை டெஸ்ட்" என்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது கீழே இருப்பவர்களுக்கே தொல்லை. சிக்னல் இல்லாத ஊருக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது போய்ச் சேர்வதே இல்லை. டெஸ்ட் தேதியைக் குறைந்தது ஆறு வேலை நாளுக்கு முன்பு வகுப்புப் பலகையில் எழுதுங்கள். வாட்ஸ்அப் அதற்குப் பிறகு போகட்டும்.

இனி அந்த 25க்கு வருவோம். நம் பக்கத்துக் கலை, அறிவியல் கல்லூரிகளில் பொதுவாக எழுத்துத் தேர்வுக்கு 75, இன்டர்னலுக்கு 25. இன்டர்னலை எப்படிப் பிரிப்பது என்பது கல்லூரிக்குக் கல்லூரி, சில இடங்களில் துறைக்குத் துறை மாறுகிறது. ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம்: செமஸ்டர் நடுவே வைக்கும் இரண்டு சைக்கிள் டெஸ்டுக்குச் சேர்த்து 10, மாடல் எக்ஸாமுக்கு 5, அசைன்மென்டுக்கு 5, அட்டென்டன்ஸுக்கு 5. பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஒரு மாணவர் 50க்கு நடந்த முதல் டெஸ்டில் 32, இரண்டாவதில் 41 எடுக்கிறார். இரண்டின் சராசரி 36.5, பத்துக்கு மாற்றினால் 7.3, முழு எண்ணாக்கினால் 7. "இரண்டில் எது நல்லதோ அது" என்ற கணக்கென்றால் 41, பத்துக்கு 8.2, அதாவது 8. அரை மதிப்பெண் வந்தால் மேலே ஏற்றுவதா, கீழே இறக்குவதா என்பது அடுத்த கேள்வி. ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியாக முழு எண்ணாக்கிக் கூட்டினால் ஒரு விடை, கூட்டிய பிறகு முழு எண்ணாக்கினால் வேறு விடை. நான்கு உறுப்பு இருக்கும் இடத்தில் இந்த ஒன்றிலேயே இரண்டு மதிப்பெண் வரை அங்குமிங்கும் போகும். எந்த முறையை வைத்துக்கொண்டாலும் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. எந்த முறை என்று ஜூன் மாதத்திலேயே எழுதிப் போடுங்கள். அந்த ஒரே முறை மொத்த வகுப்புக்கும் பொருந்தட்டும்.

அட்டென்டன்ஸ் கணக்கும் இப்படித்தான். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால் 75 சதவீதம் என்பது 67.5, ஆக 68 நாள் வர வேண்டும், 22 நாள் வரை விடலாம். இது தேர்வு எழுதுவதற்கான தகுதி. இன்டர்னலில் அட்டென்டன்ஸுக்கு வைத்திருக்கும் 5 மதிப்பெண்ணுக்கான படிநிலை வேறு. 75 சதவீதம் இருந்தாலே முழு ஐந்தும் கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டு ஒன்றோ பூஜ்யமோ வாங்குகிறவர்கள் ஏராளம். படிநிலையை அந்தத் தாளிலேயே அச்சிடுங்கள். மாதம் ஒருமுறை அவரவர் சதவீதத்தை அவரவருக்குச் சொல்லுங்கள். என்.எஸ்.எஸ். முகாம், விளையாட்டுப் போட்டி, மருத்துவ விடுப்பு ஆகியவற்றுக்கு எந்தச் சான்றை எத்தனை நாளுக்குள் யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதும் அதே தாளில் ஒரு வரி.

சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லியே ஆகவேண்டியது ஒன்று உண்டு. இன்டர்னல் மதிப்பெண் பட்டியலில் மாணவர் கையெழுத்து வாங்க வேண்டும் என்ற நடைமுறை நல்ல நோக்கத்தில் வந்தது: தன் மதிப்பெண்ணைப் பார்த்து ஒப்புக்கொண்டதற்கு அது அடையாளம். சில இடங்களில், கடைசி நாளில் மதிப்பெண் கட்டங்கள் காலியாக இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். மாணவரும் போடுகிறார், போடாமல் இருக்க முடியாது. "இன்டர்னல்ல கை வைப்பேன்" என்ற மிரட்டல் எந்த வகுப்பிலும் கேட்கக்கூடியது. இந்த வாக்கியத்தால் வாயடைத்துப்போன புகார்கள் எத்தனையோ. மாணவிகளிடம் இது எந்த அளவுக்குப் போகக்கூடும் என்பதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. கணக்கு முழுவதும் எழுத்தில் இருந்து, ஒவ்வோர் உறுப்பின் மதிப்பெண்ணும் அது முடிந்த உடனே மாணவருக்குத் தெரிந்துவிட்டால் கடைசி நாளில் கை வைக்க இடமே இருக்காது. ஆகவே முதல்வர்கள் ஒன்று செய்யலாம்: மதிப்பெண் நிரப்பாத பட்டியலைத் தேர்வுப் பிரிவு வாங்கக் கூடாது என்று ஒரு சர்க்குலர். அரைப் பக்கம் போதும்.

வெளிப்படை என்றவுடன் எல்லார் மதிப்பெண்ணையும் பெயர்போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுகிற பழக்கமும் உண்டு. அது வேண்டாம். எல்லாருக்கும் தெரிய வேண்டியது விதி. மதிப்பெண் அவரவருக்கு மட்டும்.

அசைன்மென்ட் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறோம், ஏனென்றால் மாற்றம் சீக்கிரம் தெரிகிற இடம் அதுதான். பொருளாதாரம் இரண்டாம் ஆண்டில் வழக்கமாகக் கொடுப்பது இப்படி இருக்கும்: "சேலம் ஜவ்வரிசித் தொழில் பற்றி எழுதுக. 10 பக்கம். 5 மதிப்பெண்." என்ன வந்து சேரும் என்பது உங்களுக்கே தெரியும். ஜவ்வரிசி உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981இல் தொடங்கியது, சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று நெட்டில் கிடைக்கிற அதே பத்திகள் அறுபது தாளிலும். ஸ்கெட்ச் பேனாவில் பார்டர். முகப்பில் ஒட்டிய படம். ஆசிரியர் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்து அழகாக இருந்தால் நாலரை, இல்லாவிட்டால் நான்கு என்று போட்டுவிடுவார். பொருளாதாரம் ஒரு வரிகூட அங்கே நடந்திருக்காது. அதே அசைன்மென்டை இப்படி எழுதிக் கொடுத்துப் பாருங்கள்:

"எதற்காக: ஒரு விளைபொருளின் விலை எந்தெந்தக் கட்டத்தில் எப்படி மாறுகிறது என்பதைக் கள விவரத்தோடு சொல்லப் பழகுவதற்கு. மூன்றாம் யூனிட்டில் நடத்திய சந்தை அமைப்புகளை இதில் பயன்படுத்த வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்: மரவள்ளி பயிரிடுகிறவர், கிழங்கு வியாபாரி, ஆலைத் தொழிலாளி இவர்களில் ஒருவரைப் பார்த்து டன் விலை, மாவுச்சத்துப் பாயின்ட், லாரி வாடகை, ஏற்றுக்கூலி ஆகிய நான்கையும் கேளுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் கல்லூரி நூலகத்தில் கடந்த ஆறு மாத நாளிதழ்களிலிருந்து இரண்டு விலைச் செய்திகளை எடுத்துக்கொள்ளலாம். விவரங்களை ஒரே அட்டவணையில் வையுங்கள். விலையை யார் தீர்மானிக்கிறார் என்பதைச் சந்தை அமைப்போடு பொருத்தி ஒரு பக்கம் எழுதுங்கள். எல்லாம் சேர்த்து 3 பக்கம். தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். முகப்பு அட்டை, பார்டர், படம் வேண்டாம். சாட்ஜிபிடி போன்றவற்றை வாக்கியம் திருத்த மட்டும் பயன்படுத்தலாம். விவரம் தயாரிக்கக் கூடாது.

எப்படி மதிப்பெண்: யாரிடம், எந்த ஊரில், எந்தத் தேதியில் கேட்டது என்ற குறிப்பு 1, அட்டவணை 1, சந்தை அமைப்போடு பொருத்தியதற்கு 2, சொந்த முடிவும் அதற்கான காரணமும் 1. ஒரு நாள் தாமதத்துக்கு அரை மதிப்பெண் குறையும். மூன்று நாளுக்கு மேல் வாங்க மாட்டோம்."

எதற்காக, என்ன செய்ய, எப்படி அளப்போம் என்ற இந்த மூன்று பகுதி அமைப்பு எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மேரி-ஆன் விங்கெல்மஸ் 2009இல் தொடங்கிய முயற்சியிலிருந்து வந்தது. 2016இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், இனச் சிறுபான்மை மாணவர்கள் அதிகம் படிக்கும் 7 கல்வி நிறுவனங்களின் ஆசிரியர்கள் பாடத்திட்டத்தையே புரட்டிப்போடவில்லை. ஒரு பாடத்தில் இரண்டே அசைன்மென்டுகளை மட்டும் இப்படி மாற்றி எழுதினார்கள். படிப்பில் தன்னம்பிக்கை, 'நானும் இந்த இடத்துக்குரியவன்' என்ற உணர்வு, திறமையில் தேர்ச்சி ஆகிய மூன்றும் கூடியதாக மாணவர்கள் சொன்னார்கள். முதல் தலைமுறை மாணவர்களிடம் அந்தக் கூடுதல் இன்னும் அதிகம். அவை மாணவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்ன அளவுகள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் செலவே இல்லாத ஒரு மாற்றத்துக்கு இவ்வளவு ஆதாரம் போதும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

எழுதும்போது எங்கே சறுக்கும் என்றால், முதலில் 'எதற்காக' பகுதியில். சிலபஸிலிருந்து கோர்ஸ் அவுட்கமை அப்படியே எடுத்து ஒட்டிவிடுவோம். அது ஆசிரியருக்கான மொழி. மாணவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. அடுத்தது மதிப்பெண் பகுதி. "தெளிவு, தரம், படைப்பாற்றல்" என்று எழுதினால் அது அளவுகோல் ஆகாது. கண்ணால் பார்த்து எண்ணக்கூடியதாக இருக்க வேண்டும். ஐந்து மதிப்பெண் வேலைக்கு எட்டு வரிசை, ஐந்து பத்தி உள்ள ரூப்ரிக் என்ற மதிப்பீட்டு அட்டவணை தயாரிப்பதும் பயன்படாது. ஆசிரியரே இரண்டாவது தாளில் அதைக் கைவிட்டுவிடுவார். எழுதி முடித்த தாளை வேறு துறை ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்து, "இதைப் படித்ததும் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். தாவரவியல்காரர் தடுமாறினால் பொருளாதார மாணவரும் தடுமாறுவார். பத்து நிமிட வேலை.

இதே ஜவ்வரிசித் தொழிலில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆலைக்குப் போகும் கிழங்குக்கு மாவுச்சத்துப் பாயின்டை அளந்துதான் விலை போடுகிறார்கள். பாயின்ட் போடும்போது தன் கண்முன் போட வேண்டும் என்று விவசாயி கேட்டால் அது நியாயம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த விவசாயியின் மகள் தன் விடைத்தாளுக்கு எப்படி 28 போட்டீர்கள் என்று கேட்டால் மட்டும் திமிர் ஆகிவிடுகிறது.

திருத்துகிறவரைப் பொறுத்து மதிப்பெண் மாறும் என்பது ரகசியம் இல்லை. 1912இல் அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர் (ஸ்டார்ச் என்றால் மாவுச்சத்து; சேலத்துக்காரர்கள் சிரிக்க வேண்டாம், நிஜப் பெயர்தான்) ஒரே ஆங்கில விடைத்தாளின் நகலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். 142 பேர் திருத்தியதில் நூற்றுக்கு 50 முதல் 97 வரை வந்தது. "கணக்கில் அப்படி நடக்காது" என்றவர்களுக்காக மறு வருடம் ஜியோமெட்ரி தாளை அனுப்பினார்கள். அதில் சிதறல் இன்னும் மோசம். நூறு வருடம் கழித்தும் இதற்கு மருந்து ஒன்றுதான்: விடைக்குறிப்பு, அதுவும் திருத்துவதற்கு முன்பே எழுதியது.

டெஸ்டுக்கான விடைக்குறிப்பு பெரிய காரியம் இல்லை. "தேவையின் நெகிழ்ச்சியை நிர்ணயிக்கும் காரணிகளை விளக்குக" என்ற 10 மதிப்பெண் கேள்விக்கு: வரையறை 2, நான்கு காரணிகள் ஒவ்வொன்றுக்கும் விளக்கத்தோடு ஒன்றரை, ஆக 6, அன்றாட உதாரணமோ வரைபடமோ 2. தலைப்பு மட்டும் எழுதி விளக்காமல் விட்டால் காரணிக்கு அரை. இந்த மூன்று வரி இல்லாதபோது நடப்பது இதுதான்: ஒரு மாணவி எட்டுக் காரணிகளை வரிசையாகத் தலைப்புப் போட்டு எழுதி, எல்லாம் எழுதிவிட்டோம் என்று நம்பிப் பத்தை எதிர்பார்க்கிறாள், கிடைப்பது நான்கு. ஏன் என்று தெரியாததால் அடுத்த டெஸ்டில் பத்துக் காரணிகளை மனப்பாடம் செய்கிறாள். அவளுடைய உழைப்பு தவறான பக்கம் போய்க்கொண்டே இருக்கிறது, நாமோ "எவ்வளவு சொன்னாலும் ஏறமாட்டேங்குது" என்று ஸ்டாஃப் ரூமில் சலித்துக்கொள்கிறோம்.

டெஸ்ட் பேப்பர் ஏழு நாளுக்குள் திரும்ப வேண்டும். மூன்று வாரம் கழித்துக் கொடுத்தால் மாணவருக்குக் கேள்வியே மறந்திருக்கும், மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார். கொடுக்கிற அன்று விடைக்குறிப்பைப் பலகையில் எழுதி, பதினைந்து நிமிடம் கொடுத்து, "கூட்டல் தவறா, திருத்தாமல் விட்டதா, குறிப்பில் இருப்பது உங்கள் தாளில் இருந்தும் மதிப்பெண் வரவில்லையா" என்று மூன்று கேள்விகளுக்கு மட்டும் பென்சிலால் குறித்துத் திருப்பித் தரச் சொல்லுங்கள். "எனக்கு ஏன் கம்மி" என்ற பொதுப் புலம்பலுக்கு அங்கே இடமில்லை. இந்த முறையில் வாக்குவாதம் கூடும் என்ற பயம் பலருக்கு. நடைமுறையில் குறையவே செய்யும், ஏனென்றால் சண்டை ஆசிரியரோடு இல்லை, குறிப்போடு.

செமஸ்டர் தேர்வுக்கு முன்பு ஒரே ஒருமுறை இந்தப் பயிற்சியையும் செய்யலாம். சென்ற ஆண்டு விடைகளிலிருந்து இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று 4 வாங்கியது, ஒன்று 7 வாங்கியது. கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் டைப் செய்துவிடுங்கள். விடைக்குறிப்போடு வகுப்பில் கொடுத்து மாணவர்களையே திருத்தச் சொல்லுங்கள். பிறகு எத்தனை போட்டீர்கள் என்று கை தூக்கச் சொல்லி எண்ணுங்கள். கடைசியாக உண்மையான மதிப்பெண்ணைச் சொல்லி ஏன் என்று விளக்குங்கள். ஒரே ஒரு பீரியட். இரண்டு எச்சரிக்கை: பத்துக்குப் பத்து வாங்கிய விடையைக் கொடுத்தால் அதையே மனப்பாடம் செய்துவிடுவார்கள், வரப்போகும் தேர்வுக்கான தலைப்பாக இருந்தாலும் அதேதான். வேறு யூனிட்டிலிருந்து எடுங்கள்.

கே1 முதல் கே6 வரையான குறியீட்டையும் மாணவருக்குத் திறந்து காட்டலாம். அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் ப்ளூம் குழு 1956இல் வகுத்த, 2001இல் லோரின் ஆண்டர்சன் குழு திருத்தியமைத்த படிநிலைதான் இது: நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல். நம் வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் அச்சாகிறது, ஆனால் அது எதற்கென்று எழுதுகிறவருக்குத் தெரியாது. கே1 கேள்விக்கு மூன்று பக்கம் எழுதி நேரத்தைத் தொலைப்பதும், கே4 கேள்விக்கு நோட்ஸை அப்படியே இறக்கிவைப்பதும் அதனால்தான். பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு இங்கே ஆங்கிலவழியில் உட்காருகிறவர்களுக்கு, 'ஒப்பிடுக', 'விவாதிக்க', 'ஆய்க' என்று கேட்டால் விடையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைத் தமிழிலேயே நான்கு வரியில் எழுதி அந்த முதல் வாரத் தாளின் பின்பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

"இப்படி எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் ஊட்டிவிடுவது ஆகாதா?" என்று மூத்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஊட்டிவிடுவது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது, அதன் பெயர் 'இம்பார்ட்டன்ட் கொஸ்டின்'. கடைசி வாரத்தில் யூனிட்டுக்கு மூன்று என்று பதினைந்து கேள்விகளைச் சொல்லி விடுகிறோம். அதில் எது வரும் என்று மாணவருக்குத் தெரிந்துவிடுகிறது. எதற்காகப் படிக்கிறோம், எப்படி எழுதினால் நல்ல விடை என்பது கடைசிவரை தெரிவதில்லை. நாங்கள் கேட்பது இதற்கு நேர் எதிர். கேள்வி ரகசியமாகவே இருக்கட்டும், அளவுகோல் வெளியே வரட்டும். இம்பார்ட்டன்ட் கொஸ்டின் கொடுப்பதை நிறுத்திவிட்டு அந்த நேரத்தை மேலே சொன்ன திருத்தும் பயிற்சிக்குச் செலவிட்டால் போதும்.

வேலைப்பளு என்பது இரண்டாவது ஆட்சேபம். முதல் செமஸ்டரில் ஒரு பாடத்துக்கு நான்கைந்து மணிநேரம் கூடுதலாகப் பிடிக்கும், மறுக்கவில்லை. நாக், தேசியத் தரவரிசைக்கான என்.ஐ.ஆர்.எஃப்., வாராவாரம் ஏதாவது ஒரு எக்செல் என்று ஆசிரியர் தலையில் ஏறியிருக்கும் பாரத்தில் இன்னொன்றை வைக்க எங்களுக்கும் மனமில்லை. எனவே ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள்: இந்த முதல் வாரத் தாளையே பாடத்திட்ட ஃபைலுக்கான ஆவணமாக ஏற்றுக்கொண்டு, தனியாக லெசன் பிளான் படிவம் கேட்பதை விட்டுவிடலாம். அந்தத் தாளில் எந்த யூனிட் எந்த ஆறு நாள் சுற்றில் முடியும் என்ற அட்டவணையும் இருக்கும். 90 நாள் என்பது 15 சுற்று. சுற்றுக்கு 5 பீரியட் என்றால் 75 பீரியட். டெஸ்ட், மாடல் எக்ஸாம், விழா, மழை விடுமுறை போக மிஞ்சுவதைக் கணக்கிட்டுப் பிரியுங்கள். ஐந்து யூனிட்டுக்கும் சமமாக மூன்று சுற்று என்று போட்டால் ஐந்தாம் யூனிட் எப்போதும்போல் கடைசி நான்கு நாளில் ஓடும்.

கருத்துக்கேட்புப் படிவம் பற்றி ஒரு வார்த்தை. செமஸ்டர் முடிந்த பிறகு வாங்கும் படிவம் அந்த மாணவருக்கு உதவாது. ஐந்தாவது சுற்றில், பெயரில்லாத துண்டுத் தாளில், "எது புரிகிறது, எது புரியவில்லை, எதை மாற்றலாம்" என்று கேட்டு, அடுத்த வாரம் எதை மாற்றப் போகிறோம், எதை மாற்ற முடியாது என்று வகுப்பில் சொல்லிவிடுங்கள். கூகுள் ஃபார்மில் மெயில் ஐடி சேகரிக்கும் செட்டிங்கை அணைக்காமல் "பெயர் தெரியாது, தைரியமாக எழுது" என்று சொல்வது ஏமாற்று.

இதெல்லாம் நல்லெண்ணம் மட்டும் இல்லை, சட்டமும் இந்தப் பக்கம்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் திருத்திய விடைத்தாள் 'தகவல்' என்றும், எழுதியவருக்கு அதைப் பார்க்கவும் நகல் பெறவும் உரிமை உண்டு என்றும் சி.பி.எஸ்.இ. - ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்சநீதிமன்றம் 2011 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. திருத்தியவர் பெயரைத்தான் மறைக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகள், 2023, வெளிப்படையில்லாத மதிப்பீட்டு முறையை ஒரு குறை என்றே வரையறுத்து, அதற்குக் கல்லூரியில் குழுவும் மேலே குறைதீர்ப்பாளரும் இருக்க வேண்டும் என்கிறது. நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் குழுவின் உறுப்பினர் யார், எந்த அறையில் மனுக் கொடுப்பது என்று தெரியும்? அதுவும் அந்த ஒரே தாளில் கடைசி வரியாக வரட்டும்.

நடைமுறையில் இப்படித் தொடங்கலாம். எல்லாப் பாடத்திலும் ஒரே நேரத்தில் வேண்டாம். துறைக்கு இரண்டு முதலாண்டுப் பாடங்கள் போதும். ஜூன் முதல் வாரத் துறைக் கூட்டத்தில் 25ஐப் பிரிக்கும் கணக்கையும் முழு எண்ணாக்கும் விதியையும் முடிவு செய்து மினிட்ஸில் எழுதுங்கள். 60 பேர் வகுப்புக்கு இரண்டு பக்கமும் அச்சிட்ட 60 தாள். செலவை மாணவர் தலையில் கட்டாமல் கல்லூரியே ஏற்கட்டும். முதல் டெஸ்ட் முடிந்து ஏழாம் நாள் எத்தனை வகுப்புகளுக்குத் தாள் விடைக்குறிப்போடு திரும்பியது என்பதை மட்டும் துறைத்தலைவர் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். வேறு ரிப்போர்ட் எதுவும் கேட்க வேண்டாம். செமஸ்டர் முடிவில் அந்த இரண்டு பாடங்களிலும் இன்டர்னல் பற்றி வந்த மனுக்களையும் மற்றப் பாடங்களில் வந்தவற்றையும் எண்ணி, பாடக்குழுக் கூட்டத்தில் வையுங்கள். முதல் வாரத் தாளின் மாதிரி வேண்டுமென்கிற துறைகளுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தரவும், நேரில் வந்து உட்கார்ந்து திருத்தித் தரவும் தயாராக இருக்கிறோம். சனிக்கிழமை மதியம் என்றால் எங்களுக்கு வசதி.

இப்படிக்கு,
சேலம் வட்டாரக் கல்லூரி ஆசிரியர்கள் சிலர்